கறுப்பு மூடி

12.7.2008, சனி இரவு

கறுப்பு லேப்டாப்பைத்தான் வாங்கினேன். ஒரு வாரமாக வெள்ளி நிறத்ததை எடுப்பதாகத்தான் இருந்தேன். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே வேகம். வெள்ளி கொஞ்சம் எடை குறைவு, ஹாஸ்டலுக்குத் தூக்கிப்போகச் சுலபம். வேறு வித்தியாசம் இல்லை.

அம்மா பட்டாசு ஆலையில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிறாள். வேலை முடிந்து நேரே சிவகாசிக் கடைக்கு வந்துவிட்டாள். சோப்புப் போட்டுக் கழுவியும் அலுமினியத் தூள் விரலை விட்டுப் போகவில்லை. ஆசையாகக் கறுப்பு மூடியைத் தொட்டுப் பார்த்தாள். ஐந்து விரலும் வெள்ளியாகப் பதிந்தன.

கடைக்காரர் துணியோடு பாய்ந்து வந்து துடைக்க ஆரம்பித்தார். "தொடாமப் பாருங்கக்கா. உங்களுக்குக் கறுப்பு சரிப்படாது, அழுக்கு அப்படியே தெரியும். வெள்ளிய எடுத்துக்கோங்க."

அம்மா கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"துடைக்காதீக. கறுப்புதான் வேணும், இதையே பில் போடுங்க" என்றேன்.

"பெட்டியில புதுசு இருக்கும்மா, தாரேன்."

"இதுதான் வேணும்."

பஸ்ஸில் அம்மா திட்டிக்கொண்டே வந்தாள். "எம்புட்டுத் திமிருடி ஒனக்கு! அவுக நல்லதுக்குத்தான சொன்னாக?"

"யாரு நல்லதுக்கு?" என்றேன்.

மூடியின் ஓரத்தில் சுண்டுவிரல் தடம் மட்டும் தப்பியிருக்கிறது. திங்கட்கிழமை ஹாஸ்டலில் யாராவது அழுக்கு என்று துடைக்க வரட்டும். பார்த்துக்கொள்கிறேன்.