ஆளா என்று கேட்டவனுக்கு

என் சடையண்ணா,

நீ இருந்திருந்தால் இன்றைக்கு வீட்டில் நடக்கிற கூத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். உன் மருமகன் சேகர் பட்டாளத்துக்குப் போகிறான். நாளைக்குக் காலையில் வெள்ளிமலையில் பஸ் ஏறி, கள்ளக்குறிச்சி போய், சின்னசேலத்தில் ரயில் பிடிக்க வேண்டும். உன் மச்சான் மலை முழுக்கத் தண்டோரா போடாத குறை. நான் சாமை மாவு உருண்டை பிடித்துக்கொண்டே அழுகிறேன். கேட்டால் அடுப்புப் புகை என்கிறேன்.

மத்தியானம் பிள்ளைக்கு மாலை போட ஊரில் பெரியவர்கள் வந்தார்கள். மேலத்தெரு கவுண்டர், உனக்குத் தெரியுமே, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார். "மாமங்காரன மாதிரி துப்பாக்கிய எறக்கிட்டு வந்து நிக்காதப்பா, மலைக்கே அசிங்கம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சேகரும் சிரித்தான், அண்ணா. அந்தச் சிரிப்பு எனக்குத் தாங்கவில்லை. அதனால்தான் உனக்குத் தெரிந்ததையே உனக்கு எழுதுகிறேன். 

சாமை முற்றுகிற காலத்தில் காட்டுப் பன்றி மேயாமல் காவல் இருப்போமே. நாட்டுத் துப்பாக்கியை அப்பா உன் கையில் கொடுத்தபோது ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லிக் கொடுத்தார். புதர் அசைந்தால் முதலில் "ஆளா?" என்று குரல் கொடுக்க வேண்டும். கீரை பறிக்கிறவர்கள் இருப்பார்கள், விறகுக்கு வந்தவர்கள் இருப்பார்கள். உள்ளேயிருந்து பதில் வந்துவிட்டால் துப்பாக்கி வாய் மண்ணைப் பார்க்க வேண்டும். கேட்காமல் சுட்டவனோடு நம் மலையில் யாரும் காவலுக்குப் போகமாட்டார்கள்.

நீ பட்டாளத்தில் இருந்தபோது வடக்கே ஒரு டவுனில் நடந்ததை நீ ஒரே ஒரு தடவைதான் என்னிடம் சொன்னாய். ரேஷன் கோதுமை வரவில்லை என்று ஜனங்கள் குடோன் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். கல் எறியவில்லை, எழுந்து போகவும் இல்லை. உங்களைக் கொண்டுபோய் எதிரே நிறுத்தினார்கள்.

"மாஜிஸ்ட்ரேட் வரணும், எழுதிக் குடுக்கணும், ஜனங்கள முன்னாடியே எச்சரிக்கணும். எங்களுக்குப் பாடமாவே நடத்தியிருக்காங்க, பச்சையம்மா. அன்னிக்கு ஒண்ணும் கெடையாது. ஆபீசர் கோவத்துல கத்திக்கினே சுடச் சொன்னாரு, அவ்ளோதான்" என்றாய்.

நீயும் துப்பாக்கியைத் தூக்கினாயாம். குறியும் பார்த்தாயாம். அப்போது உன்னை அறியாமல் உன் வாய் "ஆளா?" என்று கேட்டுவிட்டது. தமிழ் தெரியாத ஊரில், அத்தனை ஜனங்களுக்கு முன்னால், சாமைக் காட்டில் நிற்கிற மாதிரி. எந்தப் பட்டாளத்துக்காரன் இப்படிக் கேட்பான்? முன் வரிசையில் ஒரு பொம்பளை கையைத் தூக்கி அவள் பாஷையில் ஏதோ சொன்னாள்.

"இன்னா சொல்லிச்சுன்னு எனக்குத் தெரியல. ஆனா பதில் வந்துடுச்சு. பதில் வந்தப்புறம் எப்பிடி சுடறது?"

நீ இறக்கிவிட்டாய். உன் வலது பக்கத்துக்காரனும் இடது பக்கத்துக்காரனும் இறக்கவில்லை. "அந்தம்மாவுக்கு இன்னா ஆச்சு?" என்று நான் கேட்டேன். நீ எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டாய். இன்றைக்கு வரை எனக்கு அது தெரியாது. தெரிந்த மாதிரியும் இருக்கிறது.

அதற்கப்புறம் உன்னை ராணுவ ஜெயிலில் வைத்தார்கள். பென்ஷன் இல்லாமல் அனுப்பினார்கள். பெண் கொடுக்க யாரும் வரவில்லை. உளுந்தூர்பேட்டையில் லாரி ஷெட்டுக்குக் காவலாளியாகப் போனாய். இருமி இருமி அங்கேயே உயிரை விட்டாய். கோழை என்று சொன்னவர்களை நீ ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். ஏன் அண்ணா திட்டவில்லை?

சுட்டவர்களைப் பற்றிக்கூட நீ கெட்டதாகப் பேசவில்லை. "பக்கத்துல நின்னவன் என் தட்டுலயே சாப்டுவான். தங்கமான பையன். அவன் சுட்டான். நல்லவன் சுடமாட்டான்னு நீ நெனச்சிக்காத" என்றாய். அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை. என் பிள்ளையும் தங்கமான பையன்தான். தண்ணீரில் எறும்பு விழுந்தால்கூட அதை எடுத்து வெளியே விட்டுவிட்டுத்தான் குடிப்பான். இப்போது விளங்குகிறது.

கூட்டம் கலைந்ததும் அவனை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டே கேட்டான்.

"மாமா செஞ்சது சரிதாம்மா. ஆனா அவருக்கு இன்னா கெடச்சுது? அவரு சுடாததால யாராவது பொழைச்சாங்களா?"

"தெரியலடா."

"மேல இருந்து சொன்னா நான் சுட்டுதாம்மா ஆவணும். இல்லன்னா நம்ம வூட்டுக் கதி இன்னா?"

அவன் சொல்வதும் பொய்யில்லை. இனிமேல் அவன் சம்பளத்தை நம்பித்தான் இந்த வீடு இருக்கிறது. உன் மச்சானுக்கு மூட்டு வலி, சின்னவள் படிக்கிறாள். நானும் அந்தச் சம்பளத்தை மனசுக்குள் செலவு செய்துகொண்டுதான் இருந்தேன். ஆனாலும் சொன்னேன்: "சுடாம வந்தியானா உனக்கு இந்த வூட்ல சோறு இருக்குடா. எவன் சிரிச்சாலும் சிரிக்கட்டும்."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "சுட்டுட்டு வந்தா?"

என்ன சொல்லியிருக்க வேண்டும், அண்ணா? வராதே என்று சொல்ல நா எழவில்லை. வா என்று சொன்னால், கையைத் தூக்கின அந்தப் பொம்பளையை நானே கொன்ற மாதிரி. உருண்டையை டப்பாவில் அடுக்கிக்கொண்டே இருந்தேன். அவன் எழுந்து போய்விட்டான். இப்போது உள்ளே பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கிறான்.

அவனுக்குச் சொல்ல முடியாததை உனக்குச் சொல்கிறேன். அவன் லீவில் வரும் ஒவ்வொரு தடவையும் அவன் முகத்தைப் பார்த்து, அங்கே யாரை என்ன செய்தாய் என்று கேட்பேன். பொய் சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும், பெற்றவள் நான். என்ன பதில் சொன்னாலும் சோறு போடுவேன். கேட்காமல் ஒரு நாளும் போடமாட்டேன், அண்ணா.

உன் ரத்தம், உன் தங்கச்சி
பச்சையம்மா