ராசிக்கால்

5-6-97, வியாழன்
காலையிலேயே வெயில். புழுதிக் காற்றில் மலை உச்சி தெரியவில்லை. லாட்ஜில் பாதி ரூம் காலி. வாங்க: பினாயில், முட்டிக்குப் பட்டை, மலருக்குத் தலைவலி மாத்திரை.

வேலூர் பள்ளிக்கூடத்திலிருந்து போன். பசங்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கும் வேலை எனக்குத்தான்! "திங்கக்கிழம காலைல வந்து சேந்துடுங்க சார். இல்லன்னா வேற ஆளப் போட்டுடுவோம்." குவார்ட்டர்ஸ் உண்டு. சொந்தச் சமையல், சொந்தச் சாவி.

6-6, வெள்ளி
மாமனாரிடம் சொன்னேன். லாட்ஜ் அவருடையது, டீம் அவருடையது, நான் படுக்கிற கட்டிலும் அவருடையது. கோபப்படவே இல்லை மனுஷன். அதுதான் எரிச்சல்.

"நீங்க வந்த வருஷந்தான் மொத கப்பு அடிச்சோம் மாப்ள. உங்க கால் ராசியான கால். ஞாயித்துக்கெழம ஃபைனல வச்சுக்கினு பேசற பேச்சா இது?"

"முட்டி போயிடுச்சு மாமா. வயசு முப்பத்தஞ்சு ஆவுது."

"ஓட வேணாம். சும்மா வந்து நில்லுங்க, போதும்."

இப்போதெல்லாம் என் ஆட்டம் இவ்வளவுதான். ஆட்டம் தொடங்குமுன் திருஷ்டிக்கு வலது காலால் எலுமிச்சம்பழத்தை மிதிப்பது, பிறகு பெஞ்சில் உட்காருவது. தூ.

மலர்: "அப்பா மனசு நோவாம கேளுங்க." கொஞ்ச நேரம் கழித்து, "குவார்ட்டர்ஸ்ல கொழாத்தண்ணி வருமா?"

7-6, சனி
முட்டி வீக்கம். எண்ணெய் தேய்த்தேன். ஒரு யோசனை. நாளை என் காலாலேயே தோற்றால்? ராசி போச்சு என்று அவரே வழியனுப்பி வைப்பார். சீ, என்ன புத்தி இது. இருந்தாலும் பெட்டி கட்டிவிட்டேன். கட்டிலுக்கு அடியில்.

8-6, ஞாயிறு
ஒன்றுக்கு ஒன்று. கடைசி நிமிஷம். எங்களுக்கு பெனால்டி. கேப்டன் சேகர் பந்தைக் கையில் எடுத்ததுமே கோட்டுக்கு வெளியிலிருந்து மாமனார் சத்தம்: "டேய் சேகரு! மாப்ளய எறக்கு! அவர் அடிக்கட்டும்!"

இறங்கினேன். கூட்டம் முழுக்க "ராசிக்கால்! ராசிக்கால்!" கம்பத்தைப் பார்த்து அடித்தேன். வேண்டுமென்றே. சத்தியமாக. நினைத்த இடத்துக்கே பந்து போனது என் ஆட்ட வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. நங்கென்று கம்பத்தில் மோதித் திரும்பி, விழுந்து கிடந்த கோல்கீப்பர் முதுகில் பட்டு, மெதுவாக உள்ளே உருண்டது.

பாழாய்ப்போன பந்து!

மாமனார் அழுதேவிட்டார். "இந்தக் கால எவனுக்கும் வுட மாட்டேன் மாப்ள." தோளில் தூக்கித் தேரடி வரை ஊர்வலம். பட்டாசு. வாசலில் மலர் ஆரத்தித் தட்டோடு. பொட்டு வைக்கிற சாக்கில் கிட்டே வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "தப்பா அடிக்கக்கூடத் தெரியாதா உங்களுக்கு?"

9-6, திங்கள்
மேகமூட்டம். முட்டி மடங்கவில்லை. நான் எழுவதற்குள் மாமனாரே வேலூருக்கு போன் போட்டுவிட்டார். மாப்பிள்ளைக்குச் சவுகரியப்படாது என்றாராம், ரொம்ப மரியாதையாக. லாட்ஜ் கவுண்டரில் கப். என் நாற்காலிக்குப் புது மெத்தை.

மலர் இன்னும் பேசவில்லை. பெட்டியைப் பிரிக்கவும் இல்லை.

அடுத்த ஆட்டம் செங்கத்தில். வாங்க: பினாயில் (மறந்தது), எலுமிச்சம்பழம்.