ஏழு மடங்கு

மார்ச் 6
கணக்கு வந்துவிட்டது! நான் சொன்னது சரி! சம்பளம் நடந்து போகிறது, வீட்டுக் கடன் ஓடுகிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு வங்கியும் திடமாகத்தான் இருக்கிறது. எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நிற்பதுதான் ஆபத்து. மத்திய வங்கியில் எங்கள் பிரிவு இருப்பதே அதைக் கவனிக்கத்தான். என் யோசனை குழுவுக்குப் போகிறது: ஆண்டு வருமானத்தைப் போல் ஏழு மடங்குக்கு மேல் யாருக்கும் வீட்டுக் கடன் கிடையாது. டிராமில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். எதிரில் இருந்தவர் இடம் மாறி உட்கார்ந்தார்.

மார்ச் 12
தம்பி கிரெகோரின் பெயர் நாள்; நாட்காட்டியில் அவன் பெயர் போட்ட நாள், எங்களுக்கு இன்னொரு பிறந்தநாள் மாதிரி. அவன் மனைவி ஹெத்விகா ஷ்னிட்ஸல் இறைச்சி பொரித்திருந்தாள். பெட்ர்ஷால்கா அடுக்குமாடிக் குடியிருப்பில், ஆறாவது மாடியில், இரண்டறை வீடு பார்த்திருக்கிறார்கள். கைபேசியில் பால்கனி மட்டும் ஒரு கட்டுப் படம்.

"ஈஸ்டர் திங்கள் அன்னைக்கு நீ கீழ வந்து நில்லுக்கா. வாளியத் தூக்கிட்டு உன்னைத் தேடி வர வேலையே இல்ல. மேலேருந்தே கவிழ்த்துருவேன்."

ஈஸ்டர் திங்களன்று பெண்கள் மேல் ஆண்கள் தண்ணீர் ஊற்றுவது எங்கள் ஊர் வழக்கம். கடன் எவ்வளவு என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஒன்பது மடங்கு.

"நீ அங்கதானே இருக்க. புதுசா சட்டம் கிட்டம் ஏதாவது வருதா?"

"ஆறிப்போகுது, சாப்பிடு."

விதியை வெளியிடும்வரை வீட்டில்கூட மூச்சு விடக் கூடாது. வேலையில் சேர்ந்த அன்றே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மார்ச் 13
இன்று இயக்குநர் விளாஸ்திமிலின் பெயர் நாள். கூட்டம் தொடங்கும் முன்பே கசகசா கேக், ஸ்லிவோவிட்சா என்ற பிளம் பழச் சாராயம். எல்லோர் கன்னமும் சிவந்திருந்தது. விதியை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். எப்போதிலிருந்து என்பதில்தான் சண்டை.

"ஆறு மாசம் கொடுப்போமே. பேங்க்காரங்களும் பாவம், மூச்சு விடட்டும்" என்றார் இயக்குநர்.

ஆறு மாதம். கிரெகோருக்கு அது தாராளம். நான் பேசாமல் இருந்தால் போதும். கேக்கை வைத்துவிட்டு எழுந்தேன்.

"ஆறு மாசம்னா, ஆறு மாசமும் 'கடைசி வாய்ப்பு, ஓடி வாங்க'ன்னு விளம்பரம் போடுவாங்க சார். கடனே வேணாம்னு இருக்கிறவன்கூட வாங்குவான். தீயை அணைக்க வந்த நாமளே ஊதிவிடலாமா?"

"யம்மா, இன்னைக்கு என் நாள், திட்டாத!" சிரித்தார். பிறகு யோசித்தார். ஒரு மாதம் என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். ஒரு மாதம்! என் பேச்சு எடுபட்டது!

மார்ச் 14
தூக்கமே இல்லை. சந்தோஷத்தால்தான். சந்தோஷத்தால்தானா?

ஏப்ரல் 3
வெளியிட்டாயிற்று! மே மூன்றிலிருந்து அமல். நான் எழுதிய வாக்கியத்தை வானொலியில் அப்படியே வாசித்தார்கள். மேலெல்லாம் காபியைக் கொட்டிக்கொண்டேன்.

மாலையில் கிரெகோரின் அழைப்பு. வங்கி இப்போதே கையை விரித்துவிட்டதாம். வீட்டை மதிப்பிடவே ஒரு மாதம் ஆகுமாம்.

"உனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"சாப்பிடுன்னு சொன்னியே, மகராசி."

வைத்துவிட்டான். நான் வேற என்னடா பண்ணியிருக்கணும்? என் தம்பிக்கு மட்டும் சொல்லிட்டு, ஊருக்கெல்லாம் சட்டம் போடுறதா? சரியாத்தான் செஞ்சேன். மனசுதான் கேக்க மாட்டேங்குது.

ஏப்ரல் 11
கிரெகோர் போனை எடுக்கவில்லை. இன்றும்.

ஏப்ரல் 20
முட்டைகளுக்கு வண்ணம் தீட்டி முடித்தேன். அவன் வந்து தண்ணீர் ஊற்றாத ஈஸ்டர் திங்கள் இதுவரை இல்லை. நாளை நனையாமல் நின்றால் பக்கத்து வீட்டுக்காரர்கள் கேலி செய்வார்கள். அதுவா எனக்குக் கவலை?

ஏப்ரல் 21
காலையில் அழைப்பு மணி. வாளியும் குவளையுமாகக் கிரெகோர். முகத்தில் சிரிப்பில்லை.

"எத்தனை மடங்குக்கா?"

"ஏழு."

குளியலறையில் நிற்க வைத்து எண்ணி எண்ணி ஊற்றினான். ஐஸ் தண்ணீர்! நான் போட்ட கூச்சலில் மாடி முழுக்கக் கதவு திறந்தது. ஏழு முடிந்தது. எட்டாவது குவளையை என் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றான்.

"இது சட்டவிரோதம், இல்ல?"

வாளியிலேயே திருப்பி ஊற்றிவிட்டான். அப்புறம்தான் சிரித்தான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது.

ஒற்றை அறை வீடு ஒன்று பார்த்திருக்கிறார்களாம், ஆறரை மடங்கு. பால்கனி இல்லை. அடுத்த வருடமும் வாளியைத் தூக்கிக்கொண்டு இங்கேதான் வர வேண்டும் என்று அலுத்துக்கொண்டான்.