மோல்மேன் வரை போன கோடு

மாப்ள,

இன்று காலை ஆபீசில், பெரிய டிராயிங் அச்சடிக்கும் பிளாட்டருக்குப் புது மை போட்டார்கள். முதல் தாள் ஈரமாக வெளியே வந்ததும் அந்த வாசனையில் என்னால் நிற்க முடியவில்லை. டீ குடிக்கப் போவதுபோல் வெளியே வந்துவிட்டேன்.

ஓமானில், இந்த சோஹாரில் பைப்லைன் டிராயிங் போடுவது உன் வேலை. டூட்டி முடிந்ததும் அதே பெரிய தாளில் உன் வம்சத்தையும் கோடு கோடாகக் கிளை பிரித்துப் போட்டாய். மூலையில் ஒரு கட்டம், அதில் ‘ரிவிஷன் 14’, பதினாலாவது திருத்தம். கம்பெனித் தாளை நாசம் செய்கிறாயே என்று நான் திட்டாத நாளில்லை.

உன் பாட்டையாவின் அப்பா, நீ சொல்வதுபோல் அப்பச்சி, அந்தக் காலத்தில் கப்பலேறி, பர்மாவில் மோல்மேனில் லேவாதேவி நடத்தியவர் என்றும், அங்கே ஒரு பர்மாக்காரியோடு குடும்பம் இருந்தது என்றும் ஊரில் பேச்சு. அந்த வழியில் யாராவது மிஞ்சியிருக்கிறார்களா என்றுதான் தேடினாய். உனக்குக் கூடப் பிறந்தவர் இல்லை, பிள்ளை இல்லை, மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். “எனக்குன்னு ஒரு பங்காளி இருந்தாப் போதும் மாப்ள” என்பாய்.

கண்டும் பிடித்தாய். பஹ்ரைனில் ஈசா டவுனில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் மோல்மேன்காரன். அவன் சொன்ன முன்னோர் பெயரும் ஊரும் அப்படியே பொருந்தின. வெள்ளிக்கிழமை தவறாமல் வீடியோவில் வந்து, தட்டுத்தடுமாறிய தமிழில் “பெரியப்பா” என்பான். அதற்காகவே நீ சட்டை மாற்றிக்கொண்டு உட்காருவாய்.

நானோ குறை கண்டுபிடிக்கவே சம்பளம் வாங்குகிற க்யூசி இன்ஸ்பெக்டர். சும்மா இருப்பேனா? லீவில் போனபோது, நீ கேட்காமலே உன் ஊருக்குப் போய் விசாரித்தேன். உங்கள் நகரத்தாரில் ஐயா என்கிற தாத்தா பெயரைத்தான் பேரனுக்கு வைப்பார்கள். ஒரே ஊரில் அதே நாலைந்து பெயர்கள் சுற்றிச் சுற்றி வரும். அடுத்த தெருப் பெரியவர், கோயில் பெயரோடு எழுதிய பழைய கல்யாணச் சீட்டை எடுத்துக் காட்டிச் சிரித்தார். “மோல்மேன் போனது எங்க வீட்டு ஆளுதான் தம்பி! ஒங்க சிநேகிதர் வீட்ல யாருமே கப்பல் ஏறலையே.” பெயர் அதே, ஊர் அதே. கோயில் மட்டும் வேறு. உங்களில் ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள்தான் பங்காளிகள்; கோயில் வேறென்றால் பங்காளி இல்லை.

திரும்பி வந்த அன்றே, அந்தச் சீட்டைப் போனில் எடுத்திருந்த போட்டோவைக் காட்டினேன். ஊகத்தை வைத்து டிராயிங் போடக் கூடாது என்று புத்தி வேறு சொன்னேன், பாவி. நீ போனை வாங்கிப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாய்.

“கலாஸ்” என்றாய், முடிந்தது என்று அரபிக்காரன் சொல்வதுபோல். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “ஒன்ன யாருடா பாக்கச் சொன்னா?” என்றாய்.

அடுத்த வெள்ளிக்கிழமை போன் அடித்து அடித்து ஓய்ந்தது. நீ எடுக்கவில்லை. ரிவிஷன் 15-ல் மோல்மேன் கோடு இல்லை. உன் பெயருக்கு இரண்டு பக்கமும் வெறும் தாள். ஏழாவது வாரம் சைட்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். உன் உடலோடு ஊருக்குப் போனது நான் ஒருவன்தான்.

போன வாரம் அந்தப் பஹ்ரைன்காரன் எப்படியோ என் நம்பரைப் பிடித்துவிட்டான். நீ போன செய்தியைச் சொன்னேன். வாய்விட்டு அழுதான்.

“கடைசியில பெரியப்பா ஏன் எங்கிட்டப் பேசல மாமா? நான் என்ன தப்புச் செஞ்சேன்?”

“டூட்டி ஜாஸ்திப்பா” என்றேன். அவன் நம்பவில்லை. உன்னிடம் வாயை மூடியிருக்க வேண்டியவன், அவனிடம் வாய் திறக்க முடியாமல் நிற்கிறேன்.

மறுநாள் ஒரு படம் அனுப்பினான். உனக்கு மகன் முறை என்று மொட்டை போட்டுக்கொண்டிருக்கிறான். அது இப்போது என் போனில் இருக்கிறது. நான் உனக்குக் காட்டியிருக்க வேண்டிய போட்டோ இதுதான் மாப்ள.