இரும்புக் குண்டும் அப்பாவின் எடையும்

ரிபின்ஸ்க்
மார்ச், ஞாயிறு மதியம்

அன்புள்ள உல்யா,

இங்கே நானும் உன் அப்பாவும் நலம். நலம் என்ற சொல்லை இந்த வருஷம் யோசித்துத்தான் எழுதுகிறேன், எழுதலாம் என்றுதான் படுகிறது. நீயும் நலமாக இருக்க வேண்டும், அந்த இருமல் விட்டிருக்க வேண்டும், விளாதிவஸ்தோக்கின் கடல்காற்றை நம்பித் தொப்பி இல்லாமல் வெளியே போகாமல் இருக்க வேண்டும். தொலைபேசி இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாலும் அப்பாவுக்குக் கேட்டுவிடுகிறது, கால்தான் போயிற்று, காது போகவில்லை. இப்போது தூங்குகிறார். கூரைப் பனி உருகி ஜன்னல் தகட்டில் சொட்டிக்கொண்டிருக்கிறது. எழுந்திருப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

நீ இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். நீ அனுப்பிய கீர்யா, அந்தப் பயிற்சிக் குண்டு, எப்படி இருக்கிறது என்பது ஒன்று. யாரோஸ்லாவ்ல் பக்கம் நீ பார்த்து வைத்திருக்கும் முதியோர் இல்லத்தில் அப்பாவுக்கு அந்த இடத்தை எடுத்துக்கொள்ளலாமா என்பது மற்றது, மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும் என்றாய். எனக்கு இரண்டும் ஒரே கேள்விதான். அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

பக்கவாதம் வந்து அப்பாவுக்கு வலப்பக்கம் விழுந்ததிலிருந்து அவர் கீழே சரியும்போதெல்லாம் எதிர்வீட்டுத் திமூரைத்தான் கூப்பிட்டேன். தங்கமான பையன், பாதி முகத்தில் சவரச் சோப்போடு ஓடி வந்திருக்கிறான். அக்குளில் கை கொடுத்து ஒரே தூக்காகத் தூக்கி, அர்க்காதி மாமா, எந்திரிங்க, கப்பல் கெளம்பப் போவுது, பாரந்தூக்கியில ஆளக் காணோமேன்னு தேடுறாங்க, என்பான். அப்பா பாதி வாயால் சிரிப்பார். திமூர் போனதும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிடுவார். துறைமுகத்தில் வாழ்நாளெல்லாம் அடுத்தவர் பாரத்தை ஏற்றி இறக்கியவர். மூன்றாவது முறை அந்த முதுகைப் பார்த்தபோது தோன்றியது, இவரை நான் தூக்க முடிய வேண்டும். நான் மட்டும். உடம்பு இளைக்கவோ டாக்டர் சொன்னார் என்றோ நான் இந்தக் குண்டுப் பயிற்சியில் இறங்கவில்லை. தூக்க முடியாவிட்டால் நீ சொல்லும் இல்லம்தான், அது எனக்கும் தெரியும்.

முட்டைக்கோஸ் ஊறும் பீப்பாயின் மேல் அழுத்தத்துக்கு வைத்திருந்தோமே அப்பாவின் பழைய கீர்யா, கைப்பிடி வைத்த அந்த இரும்புக் குண்டு, பதினாறு கிலோ. அதைத் துடைத்து எடுத்துவிட்டுப் பீப்பாய்க்கு ஒரு கல்லை வைத்தேன். நடுக்கூடத்தில் நின்று குனிந்து, வாளியை இழுப்பது போல் கையால் இழுத்தேன். முதுகில் ஏதோ பூட்டிக்கொண்டது. அப்படியே தரையில் படுத்துவிட்டேன். அப்பா நாற்காலியில், நான் தரையில், வீட்டில் எழுந்து நிற்க ஆள் இல்லை. அப்போதுதான் அவர் பேசினார். பேச்சுப் பயிற்சி தரும் டீச்சர் பட அட்டைகளை வைத்துக்கொண்டு வாரம் இரண்டு தரம் மன்றாடுகிறாள், கரண்டிப் படத்தைக் காட்டினால் நங்கூரம் என்கிறார், பூனையைக் காட்டினால் செவ்வாய்க்கிழமை என்கிறார், உனக்குத் தெரியும். அன்றைக்குத் தெளிவாக, கோபமாக, கையால இழுக்காதடி கழுத, இடுப்பு, இடுப்பு என்றார். முழு வாக்கியம். நான் படுத்தபடியே அழுதேன். வலியில் அழுகிறேன் என்று நினைத்து அவர் இன்னும் கொஞ்சம் திட்டினார். அதுவும் சரியான வார்த்தைகளில்.

அதன் பிறகுதான் எனக்குச் சின்னதாக ஒன்று வேண்டும் என்று உன்னிடம் கேட்டேன். நீ எதற்கு என்று கேட்கவில்லை. இந்த வயதில் எதற்கம்மா என்றும் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் வாசலில் பெட்டி வந்து நின்றது, கொண்டுவந்தவன், அம்மா, உள்ள என்ன பீரங்கிக் குண்டா, மூணு மாடி ஏறி வர்றேன் என்று மூச்சு வாங்கினான். எட்டுக் கிலோ, ரோஜா நிறம், மேலே ரப்பர். அப்பா பார்த்துவிட்டு, இதென்ன பொம்மையா என்றார். உங்கள் பக்கத்து உடற்பயிற்சிக் கூடங்களில் இதைக் கெட்டில்பெல் என்கிறார்களாமே, அதைச் சொன்னதும் இன்னும் சிரித்தார். கேள்வி கேட்காமல் அனுப்பியதற்கு உனக்கு நான் நன்றி சொல்லவே இல்லை, உல்யா. இப்போது சொல்கிறேன். ஒரு கேள்வி கேட்டிருந்தாலும் எனக்கு வெட்கமாகியிருக்கும், வேண்டாம் என்று விட்டிருப்பேன்.

மூன்று வாரம் அப்பா அதை ஆட்டவே விடவில்லை. தரையிலிருந்து எடு, நில், வை. அவ்வளவுதான். செருப்பைக் கழற்றச் சொன்னார். கால்களைத் தோள் அகலத்துக்கு வைக்கச் சொல்லத் தெரியாமல் தன் இடது கையால் காற்றில் அளந்து காட்டினார். எனக்குப் புரிந்தது ஒரு நாள் தானாகத்தான். இரண்டு கையிலும் வாளி, குளியல் வீட்டுக் கதவைப் பின்னால் புட்டத்தால் தள்ளிக்கொண்டு போவோமே, அந்த அசைவு. முழங்கால் கொஞ்சம்தான் மடங்குகிறது, முதுகு பலகை மாதிரி, வேலை செய்வது தொடையின் பின்பக்கமும் பிட்டமும். கை வெறும் கயிறு. இது தெரிந்த அன்று உள்ளே ஒரு விளக்குப் போட்டது போல இருந்தது, சிறுபிள்ளைத்தனம்தான். பிறகுதான் ஆட்டுவது. எடுக்கும்போது மூச்சை விடு, கைப்பிடியை நெரிக்காதே, நழுவினால் பிடிக்கப் பாயாதே, காலை நகர்த்திக்கொள், விழுந்தால் விழட்டும். தரையில் பழைய ரஜாயை நாலாக மடித்துப் போட்டிருக்கிறேன். அப்படியும் கீழ்வீட்டில் பியானோ கற்றுக்கொடுக்கும் ஸோயா மார்க்கோவ்னா வெந்நீர்க் குழாயில் கரண்டியால் தட்டினாள், அப்புறம் மேலேயே வந்துவிட்டாள். ரிம்மா செர்கேயெவ்னா, மேல குதிரை கட்டி வச்சிருக்கீங்களா, என் பிள்ளைங்க பியானோவில தாளம் தப்புது என்றாள். பாட வேளைகளுக்கு இடையில் செய்வது என்று ஒப்பந்தம். நீயும் அங்கே தொடங்கலாம், நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை செய்கிறாய். ஆனால் கண்ணாடி முன்னால் நின்று முதல் நாளே ஆட்ட ஆரம்பிக்காதே. எடு, நில், வை. சலிக்கும். சலிக்கட்டும்.

இதில் நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. அந்த அரைமணி நேரத்தில் அப்பாவுக்குச் சொற்கள் வருகின்றன. கழுத்து, மூச்சு, மெதுவா, அடியே ரிம்க்கா தூங்குறியா. அட்டையில் வராதது நாற்காலியிலிருந்து வருகிறது. டீச்சரிடம் சொன்னேன், அவள் ஒரு நாள் வந்து உட்கார்ந்து கேட்டாள், எழுதிக்கொண்டாள், இவர் அவளையும் திட்டினார், அவளுக்கு ஒரே சந்தோஷம். கரண்டி இன்னும் நங்கூரம்தான்.

பிப்ரவரி நடுவில் குளியலறை வாசலில் விழுந்தார். நான் திமூரைக் கூப்பிடப் போனேன், என் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டு, வேணாம் என்றார். அது மட்டும். உட்காரவைத்தேன், நல்ல காலை மடக்கி ஊன்ற வைத்தேன், துண்டை இடுப்பில் சுற்றிப் பிடித்தேன். முதல் தடவை பதற்றத்தில் கையால் இழுத்துவிட்டேன், நகரவில்லை. கழுத, என்றார் தரையிலிருந்து. இரண்டாவது தடவை, வாளியோடு கதவைத் தள்ளுவது போல, இடுப்பைப் பின்னால் தள்ளினேன். மூச்சை விட்டேன். எழுந்தார். இரண்டு பேரும் ஈரச் சுவரில் சாய்ந்து நின்றோம், அவர் என் தலையில் முகவாயை வைத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் உனக்குப் போன் செய்து காரணமில்லாமல் சிரித்தேனே, இதுதான் காரணம்.

மறுவாரம் மருத்துவமனையில் அவரை நாற்காலியோடு எடை போட்டார்கள். இலையுதிர்காலத்தில் தொண்ணூற்றொரு கிலோ. அன்றைக்கு எழுபத்தொன்பது. டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வை. வீட்ல சாப்பாடு போடுறீங்களா இல்லையா, தண்ணிகூடக் குடிக்கல போலிருக்கு, தலை சுத்தி விழாம என்ன செய்வார் என்றாள். தட்டு ஒவ்வொரு வேளையும் காலியாகத்தான் திரும்பி வந்தது. வீட்டுக்கு வந்தால் படிக்கட்டில் ஸோயா மார்க்கோவ்னா பிடித்துக்கொண்டாள். சொல்லலாமா வேணாமான்னு ஒரு மாசமா யோசிக்கிறேன், காலைல என் மாணவி வாசிக்கும்போது ஜன்னலுக்கு வெளியே கட்லெட் பறக்குது, கீழ ஒரு நாய் நேரம் தவறாம வந்து நிக்குது, இது என்ன வேண்டுதலா என்றாள். அப்பாவின் நாற்காலி ஜன்னலோரம். ஜன்னலின் சின்ன மேல் கதவு அவர் இடது கைக்கு எட்டும். தேநீர் போனது ஜெரேனியப் பூந்தொட்டிக்கு, மண்ணை முகர்ந்து பார்த்தேன், சர்க்கரை வாடை.

என்ன இது என்று கேட்டேன். மறுக்கவில்லை. நீ எடு, நான் காத்திருக்கிறேன் என்பது போல என்னைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார், ஒவ்வொன்றுக்கும் நடுவில் நான் ஒரு தட்டைக் கழுவி முடித்திருக்கலாம், அவ்வளவு இடைவெளி. நீ ஏத்துற. நான் எறக்குறேன். நடுவுல பாத்துக்கலாம்.

நான் எதற்காகக் குண்டைத் தூக்குகிறேன் என்று முதல் நாளிலிருந்தே அவருக்குத் தெரிந்திருக்கிறது. தொலைபேசியில் நீயும் நானும் இல்லத்தைப் பற்றிப் பேசியதும் தெரிந்திருக்கிறது. அனுப்பாதே என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. தன் பக்கத்தில் செய்யக்கூடிய வேலை எது என்று பார்த்திருக்கிறார், என் கைக்கு ஏற்ற எடைக்கு இறங்கப் பசித்திருப்பது ஒன்றுதான் கிடைத்தது.

குளியலறை வாசலில் அவரை எழுப்பியது என் பலமா, அவர் பட்டினியா? பாதிப் பாதி. இப்போதும் கணக்குத் தெரியவில்லை. தெரிந்தது வேறொன்று. எனக்காக ஒருவர் வயிற்றைக் காயப்போட்டிருக்கிறார், நான் தெரியாமலே பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். இதற்கு நன்றி சொல்வதா திட்டுவதா. இரண்டும் செய்தேன். திட்டியதுதான் அவருக்குக் கேட்டிருக்கும்.

அதிலிருந்து என் கண் முன்னால்தான் சாப்பாடு. மேல் கதவைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டேன். நோன்புக்கு முந்தைய வெண்ணெய் வாரத்தில் அப்பம் சுட்டுப் புளித்த பாலேடு ஊற்றிக் கொடுத்தேன், நோன்பு தொடங்கிவிட்டது, இந்த வருஷம் அவருக்கு விலக்கு, டாக்டரே சொல்லிவிட்டாள். இப்போது அவர் எடை எண்பத்து மூன்று. நான் பன்னிரண்டு கிலோக் குண்டுக்கு வந்திருக்கிறேன், திமூர் அவன் மாமனார் வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தான், ரிம்மா அத்தை, அடுத்து என்னையும் தூக்கிருவீங்க போலிருக்கே என்றான். இரும்பு பற்றவைக்கும் வேலைக்குப் போடும் அவனுடைய அகலமான தோல் பெல்ட்டையும் விட்டுவிட்டுப் போனான். அப்பா இடுப்பில் அதைக் கட்டி, தினமும் சாயங்காலம் தாழ்ந்த முக்காலியிலிருந்து எழுந்து பழகுகிறோம், விழுவதற்கு முன்பே. அவர் ஏற ஏற நானும் ஏற வேண்டும். இறங்குவது இனி இல்லை.

ஆகவே என் பதில். அந்த இல்லத்துக்காரர்களுக்கு என் நன்றியைச் சொல், இடத்தை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல், காத்திருக்கும் குடும்பங்கள் இருக்கும். நீ அதைத் தேடியது அப்பாவைத் தள்ளிவைக்க இல்லை, என் முதுகை நினைத்து என்று எனக்குத் தெரியும், அவருக்கும் சொல்லியிருக்கிறேன். வீம்பில் எழுதவில்லை. என்னால் முடியாத நாள் வரலாம். வந்தால் மறைக்க மாட்டேன், நானே உனக்கு எழுதுவேன். இதையும் அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். தலையாட்டினார். அந்த நாள் இன்று இல்லை.

நேற்று மதியம் இரண்டு தட்டு பெல்மெனிக் கொழுக்கட்டை சாப்பிட்டார், சாற்றையும் குடித்தார். சாயங்காலம் முக்காலியிலிருந்து எழுப்பும்போது பாதியில் எனக்கு மூச்சு முட்டியது, பல்லைக் கடித்துத்தான் நிமிர்ந்தேன். நின்ற பிறகு என் காதருகே, கனக்குறேனா என்று கேட்டார். கனக்குற, நல்லாவே கனக்குற என்றேன். சரி என்றார்.

உள்ளே கட்டில் கிறீச்சிடுகிறது, எழுந்துவிட்டார். வேலை, வேலை என்று மதியச் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. இருமலுக்குத் தேன் வாங்கி வை. மறக்காமல் மாதக் கடைசிக்கு முன் அவர்களுக்குப் போன் செய்துவிடு. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பயிற்சி செய்யும் நேரம் பார்த்துக் கூப்பிடு, அப்பா உன்னோடும் பேசுவார், திட்டித்தான் பேசுவார், வாங்கிக்கொள். கடவுள் உன்னை நல்ல உடம்போடும் நல்ல மனிதர்கள் நடுவிலும் வைத்திருக்கட்டும். எங்கள் இருவரின் கையும் உன் தலைமேல் இருக்கிறது.

உன்னை நினைத்தபடி,
அம்மா ரிம்மா
(கீழே இருக்கும் கோணல் கோடு அப்பாவின் இடது கைக் கையெழுத்து.)