தர்மராஜ் மூடிய குளம்

2025 ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். எனக்குக் கிடையாது. சுவரை மூன்றாம் முறை கழுவினேன். வெள்ளம் விட்டுப்போன சேற்றுக் கோடு தோள் உயரத்தில் அப்படியே நிற்கிறது. என் புருஷன் சந்திரன் போய் இன்றோடு பத்தொன்பது நாள். மூன்று நாள் வீட்டைச் சுற்றித் தண்ணீர். அவரை டயாலிசிசுக்குக் கொண்டுபோக வழியில்லை. படகு வந்தபோது அவர் கண் திறக்கவில்லை.

ஜனவரி 25, சனி

எங்கள் குடியிருப்புத் தாமானில் கூட்டம். தர்மராஜ் வந்தான். பழைய தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணியின் மகன், என்னோடு பள்ளியில் படித்தவன். இந்தத் தாமானைக் கட்டிய நிறுவனத்துக்குத் திட்டம் வரைந்தவன் அவன்தான்.

"ஒலகமே சூடாகுது வள்ளி. ஒரு மாச மழ ஒரே நாள்ல கொட்டுனா நாங்க என்னா செய்ய முடியும்?" என்றான்.

சூடாகுதுன்னு தெரியுதுல்ல? அப்ப கொளத்த ஏன்டா மூடுன? நாம ரெண்டு பேரும் தூண்டி போட்ட கொளம்தானே!

தாமான் ஓரத்தில் இருந்த அந்தக் குளத்தில்தான் மழைத் தண்ணீரெல்லாம் போய் நின்றது. இரண்டாம் கட்ட வீடுகளுக்காக மண் கொட்டி மூடிவிட்டான். தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

கூட்டத்தில் இதைக் கேட்க வாய் வரவில்லை. இங்கே எழுதுகிறேன் — உன்னைத் தலைகுனிய வைக்காமல் விடமாட்டேன்.

பிப்ரவரி 6

சிரம்பான் நில அலுவலகத்தில் பழைய நில வரைபடத்தின் நகல் கிடைத்தது. நீல நிறத்தில் குளம். பஸ்சில் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். சந்தோஷமாக இருந்தது. தப்பா? இருக்கட்டும்.

மார்ச் 2, ஞாயிறு

நகராண்மைக் கழகம் இரண்டாம் கட்டமும் அடங்கிய புதிய நகரத் திட்டத்துக்கு ஆட்சேபம் கேட்டிருக்கிறது. வீடு வீடாகப் போனேன். எழுபத்தொரு கையெழுத்து. முதலில் போட்டவள் எதிர்வீட்டு மாதவி. வெள்ளத்தன்று என் புருஷனைத் தோள்கொடுத்துத் தூக்கி மேசைமேல் உட்காரவைத்தவள்.

ஏப்ரல் 17, வியாழன்

நகராண்மைக் கழகத்தில் ஆட்சேப விசாரணை. வரைபடத்தை மேசையில் விரித்தேன்.

இங்கே குளம் இருந்தது தெரியுமா என்று தலைவர் தர்மராஜைக் கேட்டார்.

தர்மராஜ் என்னைப் பார்த்தான். பார்க்கட்டும் என்று நானும் பார்த்தேன்.

"தெரியும்," என்றான். தலை குனிந்தது; பிறகு நிமிரவில்லை.

மே 9

நகராண்மைக் கழகத்தின் முடிவு வந்தது: இரண்டாம் கட்டம் ரத்து. குளத்தைத் திரும்பத் தோண்ட வேண்டும்; இனிமேல் பெய்யப்போகும் மழைக்கும் தாங்கும்படி, பழையதைவிட ஆழமாக. தர்மராஜுக்கு வேலை போய்விட்டதாம்.

பாயசம் வைத்தேன். துக்க வீட்டில் பாயசம்.

மே 10

மாதவி வந்தாள். உட்காரவில்லை.

"அக்கா, ரெண்டாங் கட்டத்துலதான் எங்களுக்கு வீடு கெடச்சிருந்திச்சி. மாமியா வீட்டுல ஒரு ரூம்ல அஞ்சு பேரு கெடக்கோம். நீங்க தண்ணி ஓடுற லோங்காங்கப் பெருசாக்கச் சொல்லி எழுதுறீங்கன்னு நெனச்சித்தான் கையெழுத்துப் போட்டேன். எங்க வீடு போயிரும்னு ஒங்களுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும்," என்றேன்.

அவ்வளவுதான். போய்விட்டாள்.

தெரியும். கையெழுத்து வாங்கும்போதே தெரியும். சொன்னா போடமாட்டாளே... தர்மராஜை விட்டுட முடியுமா?

ஜூன் 23

தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். தினமும் போய்ப் பார்க்கிறேன்.

அக்டோபர் 12

மாதவி இருந்த அறையின் ஜன்னல் சாத்தியிருக்கிறது. புருஷன் பிள்ளைகளோடு கெமாஸ் போய்விட்டாளாம், அண்ணன் வீட்டுக்கு. அவள் மாமியார்தான் சொன்னார்.

நவம்பர் 29, சனி

காலையிலிருந்து ஐந்து மணி நேரம் விடாத மழை. போன வருஷத்து மழை மாதிரியே. குடை பிடித்துக் குளத்துக்குப் போனேன். கரைக்கு ஒரு முழம் கீழே தண்ணீர் நிற்கிறது. தெருவுக்கு வரவில்லை. யார் வீட்டுக்குள்ளும் வரவில்லை.

படம் எடுத்து மாதவிக்கு அனுப்பினேன்.

பார்த்துவிட்டாள் என்று நீலக் குறி காட்டியது. இருட்டும்வரை போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.