ஜெஸிந்தா பார்த்துக் கொடுத்த லேப்டாப்

ஜூன் 8, ஞாயிறு
கோவையில் ஒரே கல்லூரியில் எனக்கும் ஜெஸிந்தாவுக்கும் எம்.எஸ்ஸி. புள்ளியியல் கிடைத்துவிட்டது! பட்டியலில் அவள் மூன்றாவது, நான் பத்தொன்பதாவது. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச்; இனி ஒரே ஹாஸ்டல். லேப்டாப் கட்டாயம் வேண்டுமாம். மத்தியானம் முழுக்க அவள் போனில் பார்த்தோம். எனக்கு நிறம்தான் கண்ணில் படுகிறது. அவள் ரேம், பேட்டரி என்று குறித்துக்கொள்கிறாள். “பதினாறு ஜிபிக்குக் கம்மியா வாங்குனா அப்புறம் நீதான் அழுவ.”

ஜூன் 12
சனிக்கிழமை குன்னூருக்குக் கடை பார்க்கப் போகிறோம்.

ஜூன் 14, சனி
போகவில்லை. எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த இடத்திலேயே ஜெஸிந்தாவின் அம்மா விழுந்துவிட்டார். பக்கவாதம். வலது கை, கால் இரண்டும் அசையவில்லை.

ஜூன் 26
ஜெஸிந்தா சீட் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டாள். என்னிடம்கூடச் சொல்லாமல். அப்பா இல்லாத வீடு. எஸ்டேட்டில் யாராவது வேலை பார்த்தால்தான் அவர்கள் குடியிருக்கக் கொடுத்த லைன் வீடு தங்கும். அம்மாவின் இடத்தில் இவள் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

“அடுத்த வருசம் சேரலாமில்ல?” என்றேன்.

“அடுத்த வருசம் மட்டும் அம்மா எந்திரிச்சு நடந்துருமா? லைன் ஊட்ட விட்டுட்டு அதை எங்கடி படுக்க வெக்கிறது?”

இதையும் எழுதத்தான் வேண்டும். அவள் சொன்னதும் எனக்கு முதலில் வந்த நினைப்பு — இனி எனக்குக் கணக்குச் சொல்லித்தர யார் இருக்கா? சீ. நானெல்லாம் ஒரு சினேகிதியா?

ஜூலை 6, ஞாயிறு
லேப்டாப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம், நானும் போகல — என் அம்மாவிடம் கத்தினேன். சத்தம் கேட்டு ஜெஸிந்தாவே வந்துவிட்டாள். “நீயும் நின்னுட்டா எனக்கென்னடி கெடைக்கும்? கெளம்பு.” அவளுக்கு இன்று லீவு.

குன்னூர்க் கடையில் நான்கு லேப்டாப்பைத் திறந்து வைத்தார்கள். தொடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் விரலை ஸ்வெட்டரில் துடைத்துக்கொண்டாள். பத்து நாள் கொழுந்துக் கறை. துடைத்தால் போகிறதா என்ன?

“ரேம் பின்னாடி கூட்டிக்கலாங்களா? கரண்ட் இல்லீன்னா எவ்வளவு நேரம் நிக்குங்க?”

கடைக்காரர் அவளிடமே பேசிக்கொண்டிருந்தார். “உங்களுக்கு எந்தக் காலேஜுங்க?”

“எனக்கில்லீங்க. இவளுக்கு.”

அவள் காட்டியதையே எடுத்தேன். பஸ்ஸில் அவள்தான் மடியில் வைத்துக்கொண்டாள். எங்கள் ஊர் கோத்தகிரியில் இறங்கும்போதுதான் என் கையில் கொடுத்தாள்.

ஜூலை 21, திங்கள்
கோவை. முதல் வகுப்பு. சாயங்காலம் ஜெஸிந்தா போனில் கூப்பிட்டாள். “என்ன நடத்துனாங்க? ஒண்ணு விடாமச் சொல்லு.” நோட்டை வாசித்தேன். எனக்குப் புரியாத இடத்தைக் கேட்ட மாத்திரத்தில் விளக்கினாள்.

ஜூலை 29
பாதிப் பாடத்தில், “இரு, அம்மாவைத் திருப்பிப் படுக்க வெச்சுட்டு வாரேன்” என்றாள். வரவில்லை.

ஆகஸ்ட் 19
ஆறு நாளாக அழைப்பில்லை. நானே கூப்பிட்டேன். விடாத மழை, புது சூப்பர்வைசர், அம்மாவின் மாத்திரை — நிறையப் பேசினாள். “இப்பெல்லாம் பழைய ஆளுங்களுக்குச் சமமா பறிக்கிறேன்டி” என்று சிரித்தாள். பாடத்தைப் பற்றிக் கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

நானும் சொல்லவில்லை.